மூளை இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குச் சென்னை வருபவர்களுக்கு: உடன் வருபவருக்கான வழிகாட்டி

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. ஊரில் யாருக்குத் தலையில் இரத்தக் கசிவு என்றாலும், யாருக்குக் கால் விரல் கறுத்துப்போனாலும், முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். “எந்த ஆஸ்பத்திரி நல்லது மாப்ள?” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? எடுத்த ஸ்கேன் படம் யார் கையில் இருக்கிறது? இரத்தக்குழாய் அடைத்தாலும் வெடித்தாலும், அறுவை சிகிச்சை செய்யலாமா, செய்வதென்றால் எந்த வகை என்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். என் அப்பாவின் மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்தபோதும், அதன்பின் உறவினர்கள் பலருக்காகவும் வார்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்தும் சிகிச்சையும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

முதல் படி: மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுவது, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தானாகச் சரிவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அழைத்த கையோடு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்தபோது கை விழுந்திருந்தது என்றால், மருத்துவரின் கணக்கு 6 மணியிலிருந்து தொடங்குவதில்லை; இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 10 மணியிலிருந்து தொடங்குகிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சையைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள்ளும், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் மீதமிருப்பது தெரிந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கும் சிறப்பு ஸ்கேன்களைப் பார்த்துச் சிகிச்சை தருவது உண்டு என்பதால், மணி தெரியாது என்று சோர்ந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். அடைப்பு வந்த சமயத்தில் நேராகச் சென்னைக்கு வண்டி கட்டுவது தவறு. திருவாரூரிலிருந்து சாலை வழியே இங்கு வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். ஊசிக்கான நேரம் வழியிலேயே தீர்ந்துபோகும். முதலில் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரும்பாலான மாவட்டங்களுக்கு அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கட்டி அடைத்ததா, குழாய் வெடித்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆளே போய்விடும் என்பதால் ஸ்கேன் எடுக்காமல் எவரும் அதைப் போட மாட்டார்கள். அதுவரை சோடா, காபி, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் அது நுரையீரலுக்குள் போகும். நாக்கின் அடியில் பிரஷர் மாத்திரை வைப்பது, ஆஸ்பிரின் கொடுப்பது, எங்கள் பக்கம் இன்னும் விடாமல் நடக்கும் புறாவின் இரத்தத்தைத் தடவுவது ஆகிய மூன்றையும் ஸ்கேன் முடியும் வரை தடுத்து நிறுத்துவது உடன் இருப்பவரின் பொறுப்பு.

வெடித்த குழாயின் அறிகுறி வேறு விதமானது. அப்பா விடியற்காலையில் தோட்டத்து மோட்டாரைப் போடப் போனவர், கொட்டகை வாசலிலேயே இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்குடா” என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். கழுத்தை முன்னால் குனிய முடியவில்லை. வாழ்நாளில் வந்திராத தலைவலி நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போவதே இதன் அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அன்று போன இடத்தில் பிரஷர் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மாலை ஸ்கேன் எடுத்தபோதுதான் மூளையைச் சுற்றிய சவ்வுகளுக்கிடையே இரத்தம் பரவியிருப்பது தெரிந்தது. இவ்வகைக் கசிவில் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அந்த நேரத்தை நாங்கள் வீட்டிலேயே கழித்துவிட்டோம். தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இதை ஏறக்குறையத் தவறவிடாது. நேரம் செல்லச் செல்ல அதில் தெரியும் தெளிவு குறையும், அப்போது முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: படத்தை மாற்றிக் கொண்டுவருவது

ஊரிலிருந்து சென்னைக்கு அனுப்பும் முடிவு எடுக்கப்பட்டதும் ரிப்போர்ட் தாளோடு கிளம்பிவிடாதீர்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்கவே விரும்புவார். பிலிம், ஸ்கேன் படம் பதிந்த வட்டு, டிஸ்சார்ஜ் அல்லது ரெஃபரல் கடிதம், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகிய அனைத்தையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை ஒருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதையாவது அவர் சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டை பையின் மேலே இருக்கட்டும். எந்த அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போடவோ, அவசரமாக அதன் விளைவை முறிக்கும் மருந்து தரவோ வைக்கும் தகவல் அது.

எங்களிடம் பிலிம் இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் “வட்டு போதும், எல்லாம் அதில் இருக்கிறது” என்றார்கள். இரவு சென்னையில் அந்த வட்டைக் கணினியில் போட்டால் அது காலியாக இருந்தது. ஸ்கேனை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, வட்டை வாங்கியவுடன் அங்கேயே ஒரு கணினியில் போட்டுத் திறந்து காட்டச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

மூன்றாம் படி: சென்னையில் எங்கே போவது

அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையைத்தான் எல்லோரும் ‘ஜி.எச்.’ என்கிறார்கள். 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது இங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். ஆக, இந்தத் துறை நம் மாநிலத்துக்குப் புதிதன்று. அவசரம் என்றால் எந்நேரமும் இங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். இரத்தநாள அறுவை சிகிச்சைக்கும் இங்கே தனிப் பிரிவு உண்டு. ஓமந்தூரார் தோட்டத்தில் 2014 முதல் இயங்கும் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையும், கிண்டியில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைகளுக்கு ஏற்றவை. வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், புற நோயாளிச் சீட்டு வாங்கக் காலையில் ஜி.எச். சேர வேண்டியவர்கள் எழும்பூருக்கு வரும் ரயிலில் வருவது எளிது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஊரில் இருக்கும் ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போகட்டும். நோயாளியோடு எல்லோரும் சென்னைக்குக் கிளம்பிவிட்டால் இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்காது என்பதால், ஒருவரை ஊரிலேயே விட்டு வருவது நல்லது. திட்டமிட்ட சிகிச்சைக்கு முன் அனுமதி தேவை. தனியாரில் சேர்க்கும் முன், செய்யப்போகும் சிகிச்சையும் அதற்கான ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்), காயில் (கம்பிச் சுருள்) போன்ற பொருள்களும் திட்டத்துக்குள் வருகின்றனவா, எவ்வளவு கைக்காசு போட வேண்டியிருக்கும் என்பதைக் காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: சோதனைகள்

சாதாரண சி.டி. ஸ்கேன் இரத்தத்தைக் காட்டும். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ குழாய்களைக் காட்டும். எம்.ஆர்.ஐ. மூளைத் திசுவில் எந்தப் பகுதி இறந்தது என்பதைச் சொல்லும். கழுத்து டாப்ளர் வலியில்லாமல், கருவியை வெளியில் வைத்தே கழுத்துக் குழாயின் அடைப்பை அளக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது டி.எஸ்.ஏ. என்னும் ஆஞ்சியோகிராம். மூளைக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையை 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் செய்து காட்டினார், இன்றைய டி.எஸ்.ஏ. அதன் வழிவந்ததுதான். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து வரை கொண்டுபோய்ச் சாயத்தைச் செலுத்துவார்கள். முதல் நாள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், ஏனென்றால் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், சாயத்தால் முன்பு ஒவ்வாமை வந்திருக்கிறது என்றால், கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்பாவைக் கொஞ்சம் தெளிவான நிலையில்தான் உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வந்ததும், “முகத்துக்குள்ள வெந்நீரை ஊத்தின மாதிரி இருந்துச்சு, கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சுச்சு” என்றார். சாயம் பாயும் சில நொடிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்தால் நோயாளி தலையை அசைக்காமல் இருப்பார். அசைத்தால் படம் கலங்கும். தொடை வழியாகச் செய்திருந்தால் அதன் பிறகு 4 முதல் 6 மணி நேரம் வரை அந்தக் காலை மடக்கக் கூடாது. செவிலியர் ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்; தூக்கத்தில் முழங்காலை மடக்கும்போதெல்லாம் மெல்ல அழுத்திப் பிடித்தது என் அம்மாதான். கட்டின் மேல் இரத்தம் ஊறினாலோ, கால் சில்லிட்டுப் போனாலோ உடனே கூப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி: கையெழுத்துக்கு முன்

அனியூரிசம் என்பது குழாயின் பலவீனமான இடத்தில் பலூன் போல் புடைத்த குமிழ். அதை அடைக்க இரண்டு வழிகள் உள்ளன. மண்டையோட்டைத் திறந்து நுண்ணோக்கி வழியாகக் குமிழின் கழுத்தில் சிறிய கிளிப்பை மாட்டுவது ஒன்று; 1937-இல் வால்ட்டர் டேண்டி இதை முதலில் செய்தார். தொடை வழியாகப் போய்க் குமிழுக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது மற்றொன்று. இது 1990-களில் வந்தது. மண்டையைத் திறக்காத முறைதான் எப்போதும் மேல் என்று உறவினர்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குமிழின் கழுத்து அகலம், அது இருக்கும் இடம், உடன் தேங்கிய இரத்தத்தை எடுக்க வேண்டியிருக்கிறதா, வயது ஆகியவையே இதைத் தீர்மானிக்கின்றன. காயில் வைத்தவருக்கு மீண்டும் ஆஞ்சியோ எடுத்துக் கண்காணிக்க வேண்டிவரும். ஸ்டென்டும் சேர்த்து வைத்தால் மாதக் கணக்கில் இரத்தம் உறையாத மாத்திரைகள் சாப்பிட வேண்டும், பல் பிடுங்குவதற்காகக் கூட அவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. கையெழுத்து வாங்க வரும் இளம் மருத்துவரிடம் நான் வழக்கமாகக் கேட்பவை நான்கு: செய்யாவிட்டால் என்ன ஆகும், இதே நோய்க்கு வேறு வழி என்ன, பேச்சோ கை காலோ போகும் வாய்ப்பு எவ்வளவு, முடிந்த பிறகு எத்தனை நாள் கண்காணிப்பு? அவர் சொல்வதைக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் கேட்டு எழுதி, மற்றவர்களுக்குச் சொல்லட்டும். ஆளுக்கொருவர் போய்க் கேட்டு ஆளுக்கொரு பதிலோடு வந்து வராண்டாவில் விவாதிப்பதால் நேரம்தான் வீணாகிறது.

கழுத்துக் குழாய் அடைப்பில் வேறு விதமான அவசரம் இருக்கிறது. ஒரு கண்ணில் திரை விழுந்தது போலாகிச் சில நிமிடங்களில் விலகுவதும், கை மரத்துப் பத்து நிமிடத்தில் சரியாவதும் எச்சரிக்கை மணிகள். சரியாகிவிட்டது என்று பலரும் வயலுக்குப் போய்விடுகிறார்கள். இப்படி அறிகுறி காட்டியவருக்கு அடைப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், குழாயைத் திறந்து படிவை அகற்றும் அறுவை சிகிச்சையை இரண்டு வாரங்களுக்குள் செய்வதில்தான் அதிகப் பயன்.

எளிதில் குணமாகக்கூடியதும் எளிதில் தவறவிடப்படுவதுமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று நான்கு வாரம் கழித்து மறதி, தடுமாற்றம், ஓயாத தூக்கம் என்று ஆனால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தமாக அது இருக்கலாம். ஓட்டில் ஓரிரு துளையிட்டு வடித்துவிட்டால், எங்கள் பெரியப்பாவைப் போலச் சில நாளில் எழுந்து உட்கார்ந்து, ரேஷன் கடை கணக்கைக் கேட்பவர்கள் உண்டு.

ஆறாம் படி: ஐ.சி.யூ. நாட்கள்

நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏழாம் நாள் அப்பாவின் பேச்சு குழறத் தொடங்கியது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று என் சித்தப்பா செவிலியர் மேசையில் கத்தினார். உண்மையில் இது எதிர்பார்க்கப்படும் ஆபத்து. கசிந்த இரத்தம் மூளைக் குழாய்களை எரிச்சலூட்டி, கசிவு வந்த நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை சுருங்க வைக்கும். அதனால் அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் அந்த இரண்டு வாரங்களில் நோயாளியை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். இதைத் தணிக்க நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 21 நாள் தருவார்கள். சிலருக்கு மிச்ச நாட்கள் வீட்டில் தொடரும். இரவு 2 மணி, காலை 6 மணி என்று அலாரம் வைத்து எழுந்து கொடுக்க வேண்டும். சித்தப்பாவே மறுவாரம் முழுக்க அந்த 2 மணி மாத்திரையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

மூளை வீக்கம் அதிகமானால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலின் அடியில் தைத்து வைத்திருப்பார்கள், அல்லது உறைநிலையில் சேமிப்பார்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் பொருத்துவார்கள். “தலையில ஆபரேஷன், வயித்துல எதுக்குத் தையல்?” என்று ஓர் அம்மா அழுததைப் பார்த்த பிறகு, இதை எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். தலைக்கட்டின் மேல் எலும்பு இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்; அந்தப் பக்கமாகப் படுக்க வைக்கக் கூடாது. தினமும் மருத்துவர் சொல்லும் கோமா அளவு 3 முதல் 15 வரை போகும். 15 என்றால் முழு நினைவு. நேற்று 9, இன்று 10 என்று எழுதி வைத்துக்கொண்டால், பரவாயில்லை என்ற ஒற்றைச் சொல்லைவிட நிறையப் புரியும். உடன் இருப்பவருக்கு ஒரு அனுமதிச் சீட்டுதான் கிடைக்கும் என்பதால் முறை போட்டுக்கொள்ளுங்கள். இரத்த தானம் செய்ய இரண்டு மூன்று பேரை முதல் நாளே தயார் செய்யுங்கள். சாப்பாட்டுக்கு அம்மா உணவகம், தங்க வேண்டுமானால் பெரியமேடு, எழும்பூர் விடுதிகள்.

கால் குழாய்கள் பற்றிச் சிறு குறிப்பு

கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலி எடுத்தால் அது காலில் வந்த அடைப்பு. சுமார் 6 மணி நேரத்துக்குள் கட்டியை எடுக்காவிட்டால் தசை இறக்கத் தொடங்கும். வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், உணர்வற்ற தோல் வெந்துவிடும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுவது மெல்ல வரும் அடைப்பு. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து, வரும் எண் 0.9-க்குக் குறைந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். பீடி பிடிக்கும் இளைஞர்களுக்கு விரல் கறுக்கும் நோயில் பீடியை நிறுத்தாமல் எந்த அறுவை சிகிச்சையும் நிலைக்காது என்று எங்களிடம் ஒரு மருத்துவர் எரிச்சலோடு சொன்னார். இதில் அவர் பக்கம்தான் நியாயம்.

ஏழாம் படி: வீடு திரும்பும்போது

வலிப்பு மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தலைக் காயத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அது மூளை நீராக இருக்கலாம், அன்றே திரும்ப வர வேண்டும்; காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அப்படியே. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஊரில் பிசியோதெரபிக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வார்டிலேயே நின்று படியுங்கள். உடலில் வைத்த பொருள் என்ன உலோகம், எந்த நிறுவனம், எந்த நாள் வைத்தது என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் சுருக்கத்தில் ‘கிளிப் வைக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. கேட்டதும் மருத்துவர் பேனாவை எடுத்து ‘டைட்டானியம்’ என்று சேர்த்து, நிறுவனப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து முழங்கால் வலிக்காக ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, தலையில் உலோகம் இருக்கிறது என்றதும் இயந்திர அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பணியாளர் கையால் எழுதிய வரியைப் படித்து, சென்னைக்கு ஒரு போன் போட்டு விவரம் கேட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.